கோழி எடை ஏறவில்லையா? தீவன மூட்டையை மாற்றும் முன் கொட்டகையைப் பாருங்கள்

"நல்ல தீவனம்தான் போடுறேன் டாக்டர், எடை மட்டும் ஏற மாட்டேங்குது." வனராஜா, நந்தனம் கோழி, சோனாலி என்று எந்தக் கலப்பினக் கோழியை வளர்த்தாலும் பண்ணையாளர்கள் சொல்லும் குறை இது. உடனே புரதம் கூடுதலாக உள்ள பிராய்லர் தீவனத்துக்கு மாறிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் கொட்டகையில்தான் இருக்கிறது.

முதல் வாரம் குஞ்சுக்குச் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பம் போதாத குஞ்சுகள் விளக்கடியில் குவிந்து கிடக்கும், தீவனத்தட்டுப் பக்கம் வராது. தின்கிற கொஞ்சமும் உடம்புச் சூட்டைக் காப்பாற்றவே செலவாகிவிடும். தசையும் எலும்பும் இறகும் வேகமாக வளர்வது முதல் எட்டு வாரங்களில்தான். 20 சதவீதம் அளவில் புரதம் கொடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான். அப்போது விட்டதைப் பிற்பாடு பிடிப்பது கடினம். அதற்கப்புறம் 16 சதவீதமே போதும்.

போதும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடம்பு பயன்படுத்தாத புரதம் யூரிக் அமிலமாக எச்சத்தில் போகிறது. அதை வெளியேற்றக் கோழி அதிகம் தண்ணீர் குடிக்கும், எச்சம் இளகும், தரையில் பரப்பிய கூளம் நனையும். ஈரக்கூளத்தில் அம்மோனியா கிளம்பி, கண்ணும் மூச்சுக்குழலும் எரியும். ரத்தக்கழிச்சல் கிருமி வீரியம் பெறுவதும் இந்த ஈரத்தில்தான். குடல் புண்ணாகிவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த தீவனமும் உடம்பில் ஒட்டாது.

கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அம்மோனியா நெடியை நின்றபடி முகர்ந்தால் தெரியாது. குந்தி உட்கார்ந்து, கோழி மூச்சு விடும் உயரத்தில் முகர வேண்டும். இடவசதி எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி, வளர்ந்தபின் இரண்டு. நெருக்கினால் வலுத்தது தின்னும், இளைத்தது ஒதுங்கிவிடும், ஒன்றையொன்று கொத்தவும் தொடங்கும்.

வீட்டிலேயே தீவனம் கலப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மக்காச்சோளத்திலும் குருணையிலும் புரதம் 8, 9 சதவீதம்தான். கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் ஆகியவைதான் அதைத் தூக்கிக் கொடுப்பவை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி நல்லதுதான், ஆனால் பச்சையாகப் போடும்போது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். புண்ணாக்குக்குப் பதிலாக அதை நம்ப முடியாது. பானையைக் கவிழ்த்துக் கறையான் பிடித்துக் குஞ்சுக்குப் போடும் பழைய வழக்கம் அதைவிட மேல்.

கோடையில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது புரதத்தை ஏற்றாதீர்கள். புரதம் செரிக்கையில் உடம்பில் சூடு இன்னும் கூடும். அதிகாலையிலும் வெயில் சாய்ந்த பிறகும் தீவனம் வையுங்கள். கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் உள்ளே வெயில் அதிகம் விழாது. ஏற்கெனவே வேறு திசையில் கட்டியவர்கள் வெயில் படும் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி இறக்கிவிடலாம்.