மலையிலிருந்து இறங்கிப் படகேறுமுன்

மலையகத்திலிருந்து கடலில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குத் தூண்டில் புதிதல்ல. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கக் கரைகளில் திலாப்பியா பிடித்துப் பழகியவர்கள் பலர். வளைவுப் பாதைகளில் தினமும் பஸ்ஸில் போய்வந்து பழகிய உடம்பும் இருக்கிறது. அந்தப் பழக்கம் தருகிற தைரியந்தான் கடலில் காலை வாரிவிடுகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, முன்பின் அறியாதவர்களோடு ஒரே படகில் ஏறும்போது ஒருவர் செய்யும் பிழையை எல்லோரும் சுமக்க வேண்டிவரும்.

முதலில் திகதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அக்காலத்தில் நீர்கொழும்பு, மிரிஸ்ஸ பக்கம் சிறுபடகுக்கு ஏற்றதல்ல. திருகோணமலை, பாசிக்குடா, பொத்துவில் பக்கம் போகலாம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று, நிலைமை தலைகீழ். ஆகவே தைப்பொங்கல் விடுமுறைக்குத் திருகோணமலையில் படகு பேசுவது சரியில்லை. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் இரு பக்கமும் காலையில் பெரும்பாலும் அமைதி; பிற்பகலில் இடியும் மின்னலும் வரும், எனவே நண்பகலுக்குள் கரை சேர வேண்டும். தீபாவளியையொட்டிய வாரங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும்.

உங்கள் ஊரின் மழை வானிலையைப் பார்த்துக் கடலைக் கணிக்க முடியாது. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென்று தனி எதிர்வுகூறல் வெளியிடுகிறது, தமிழிலும் கிடைக்கும். அதில் உங்கள் கரையோரத்துக்குரிய வரியில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றரை நெருங்குகிறதென்றால், இருபதடி ஃபைபர் படகில் பழக்கமில்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போகும் நாளல்ல அது. முற்பணமும் வேன் கூலியும் வீணாகிறதே என்ற எண்ணந்தான் பலரைத் தவறான நாளில் படகேற்றுகிறது. கடல் கொந்தளித்தால் முற்பணத்தை வேறு திகதிக்கு மாற்றித் தருவீர்களா என்று படகு பேசும்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது குமட்டல். கடல் மலைப்பாதை போன்றதல்ல. வளைவு வருவது கண்ணுக்குத் தெரியும், உடம்பு முன்கூட்டியே சாய்ந்து கொடுக்கும். நங்கூரமிட்ட படகோ ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும். மனித உடம்பை அதிகம் குமட்டச் செய்வது அந்த வேகத்து அசைவுதான். படகு ஓடும்போது நன்றாக இருந்தவர், நங்கூரமிட்டுத் தூண்டிலில் கணவாய்த் துண்டைக் குத்தக் குனிந்ததும் வாந்தி எடுப்பதற்குக் காரணம் இதுவே. கண் கையிலிருக்கும் தூண்டில் முள்ளைப் பார்க்கிறது, உட்காது படகின் அசைவைச் சொல்கிறது, மூக்கில் பெற்றோல் நாற்றம். இரை குத்துவதைப் படகோட்டியிடம் விட்டுவிட்டு, படகின் நடுப்பகுதியில் அமர்ந்து அடிவானத்தைப் பார்த்திருங்கள்.

மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. அது வயிற்றைத் தாண்டாது. சின்னரிசின் என்றால் பெரியவர்களுக்கு 30 மில்லிகிராம், படகேற இரண்டு மணித்தியாலம் முன்பு. தேவைப்பட்டால் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 15 மில்லிகிராம். புரோமெதசின் என்றால் 25 மில்லிகிராம், முதல் நாள் இரவு படுக்கும்போது. இரண்டும் தூக்கம் வரவைக்கும், புரோமெதசின் கூடுதலாக. ஆகவே வேன் ஓட்டுபவர் எடுக்கக் கூடாது. இவற்றோடு மதுவும் கூடாது. கண் அழுத்த நோய், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் புரோமெதசின் கொடுக்கவே கூடாது. அந்த வயதில் மீன்பிடிப் படகும் வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போனால் குமட்டாது என்ற நம்பிக்கை தவறு. பாண், பிஸ்கட், வாழைப்பழம் என்று கொஞ்சமாகச் சாப்பிட்டுப் போங்கள். முந்தின இரவு கொத்து ரொட்டியும் பொரியலும் வேண்டாம். அதைவிட முக்கியம் தூக்கம். நுவரெலியாவிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக இரவெல்லாம் வேனில் வந்து, விடியற்காலை ஐந்து மணிக்கு நேரே படகில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. தூங்காத உடம்புக்குக் குமட்டலும் வெயில் மயக்கமும் சுலபமாக வரும். முதல் நாள் பகலிலேயே புறப்பட்டுக் கரையில் ஓர் இரவு தங்குங்கள். குளிரில் வாழ்ந்த உடம்பு கடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். ஒரு நாள் பயணத்தில் அது நடக்காது, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். அரைநாளுக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் ஒரு பக்கெட் ஜீவனியும் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கையில் இருக்கட்டும்.

துறைக்கு வந்ததும் பணம் கொடுக்குமுன் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள். படகோட்டி, உதவியாளர் உட்பட ஆளுக்கொன்று வேண்டும். போட்டுக் கட்டிய பின் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவல்ல. பிள்ளைகளுக்குப் பெரியவர் அங்கியை இறுக்கிக் கட்டினாலும் தண்ணீரில் கழன்றுவிடும். படகின் முனையில் பொலித்தீன் உறையோடு செருகி வைத்த அங்கி யாரையும் காப்பாற்றாது. நீச்சல் தெரிந்தவரும் கரை திரும்பும்வரை போட்டிருக்க வேண்டும். எரிபொருளையும் கேளுங்கள்: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு. இயந்திரத்தை நிறுத்தும் கயிறு படகோட்டியின் கையிலோ இடுப்பிலோ மாட்டியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். சிறுநீர் கழிக்கப் படகு விளிம்பில் எழுந்து நிற்கும் ஆண்கள்தான் எளிதில் தவறி விழுகிறார்கள். வெட்கம் பார்க்காமல் ஒரு வாளியைக் கேட்டு வாங்குங்கள்.

நீர்த்தேக்கக் கரையில் தலைக்கு மேல் சுழற்றி வீசிய பழக்கத்தைப் படகில் மறக்க வேண்டும். பின்னால் இருப்பவரின் கன்னத்தில் முள் ஏறும். தூண்டிலை நேர் கீழே விடுங்கள். எல்லோரும் ஒரே எடையுள்ள ஈயக்குண்டு போட்டால் நூல்கள் ஒரே சாய்வில் நிற்கும்; ஒருவர் 100 கிராமும் இன்னொருவர் 250 கிராமும் போட்டால் பத்து நிமிடத்தில் சிக்கல்தான். பெரிய மீன் பட்டவர் உடனே சத்தம் கொடுக்க, மற்றவர்கள் நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். நைலோன் நூலைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. ஒரு பாரை மீன் இழுத்தாலே விரலை எலும்புவரை அறுக்கும். முள் சதையில் ஏறி, அதன் நாக்கும் உள்ளே போயிருந்தால் பின்னால் இழுக்காதீர்கள். நூலை வெட்டி, துணி சுற்றி, மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றியும் கேளுங்கள். கண்ணில் பட்டால் தொடாமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு உடனே கரைக்கு. ஓரா, கெளிறு போன்ற மீன்கள் முள்ளால் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டு நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை காயத்தை வைத்தால் வலி தணியும். குத்துப்பட்டவருக்கு அந்த இடம் மரத்துச் சூடு தெரியாமல் போகலாம். சூட்டை இன்னொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். பேத்தை மீன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள், சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு.

இனி, அதிகம் கவலைப்பட வேண்டிய விடயம்: மீனை வீட்டுக்குக் கொண்டுவருவது. பலயா, கெலவல்லா (இரண்டும் சூரை வகை), கும்பளா, தோரா, சாளை போன்ற மீன்கள் செத்த பின் வெப்பத்தில் கிடந்தால், செவுளிலும் குடலிலும் உள்ள பக்டீரியாக்கள் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற புரதக் கூறை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் கொறக்காப் புளி போட்டாலும் போகாது. மீன் நாறியிருக்க வேண்டுமென்றும் இல்லை, பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்.

நுவரெலியா குளிர்தானே, ஊர் வந்துவிட்டால் பயமில்லை என்று ஐஸ் இல்லாமல் வைப்பதுதான் மலையகத்துக்கே உரிய பிழை. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. நமக்கு ஸ்வெட்டர் கேட்கும் குளிர், பக்டீரியாவுக்கு வேலை செய்யப் போதும். மீன் 4 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு முன் ஏழெட்டு மணித்தியாலப் பயணமும் இருக்கிறது.

ஐஸைப் படகேறுமுன்னே வாங்குங்கள்; பிடித்த கணத்திலிருந்தே தேவை. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். கட்டி ஐஸை உடைத்து, மூடியுள்ள தடித்த ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்குங்கள். பெரிய மீனின் இரத்தத்தை வடித்து, செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்ப வேண்டும். படகின் அடியில் தேங்கும் வெந்நீரில் மீன் கிடக்கக் கூடாது. பெட்டி வேனின் கூரையில் வேண்டாம், இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். வழியில் ஹபரணையிலோ தம்புள்ளையிலோ உருகிய நீரை வடித்துவிட்டு ஐஸ் சேருங்கள். பங்கு பிரித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பது நம் வழக்கம். அந்தப் பங்கோடு ஒரு பிடி ஐஸும் போகட்டும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவத்தல், தலையிடி, படபடப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்றோட்டம், நாக்கில் மிளகு போன்ற காரம் வந்தால் மீதியைச் சாப்பிடாதீர்கள். இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வந்தால் அது பெரும்பாலும் ஹிஸ்டமின் நஞ்சாதல். மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். என்ன மீன், எங்கே பிடித்தது, எத்தனை மணித்தியாலம் ஐஸ் இல்லாமல் இருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மிஞ்சிய மீனில் ஒரு துண்டைக் கட்டி உறைபெட்டியில் வைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது கொடுக்கலாம்.