தடுப்பூசி போட்ட தோள் இன்னும் வலிக்கிறதா? டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா?

அமெரிக்காவில் தடுப்பூசி இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் நான். ஒரு அக்கா வந்தார். அக்டோபரில் மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டிருக்கிறார், அன்று ராத்திரியே வலி. ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்தே ஓட்டிவிட்டார். பொங்கலுக்குள் தலை பின்னக் கை மேலே போகவில்லை. நடுவில் டிசம்பரில் இருமலுக்கு டாக்டரிடம் போனவர் தோளைப் பற்றி மூச்சே விடவில்லை, வழக்கில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஒரு நாள் குறிப்புதான்.

இதற்குப் பெயர் சிர்வா. கைச்சதையில் போடவேண்டிய ஊசியைத் தோள் எலும்பை ஒட்டி ரொம்ப மேலே குத்திவிட்டால், மருந்து மூட்டருகே உள்ள நீர்ப்பையில் இறங்கி வீக்கத்தைக் கிளப்பிவிடும். பிழை குத்திய இடத்தில்தான், அதனால் தடுப்பூசியே வேண்டாம் என்று வாட்ஸப்பில் கிளம்பிவிடாதீர்கள்.

கடைக்காரர் மேல் நேராக வழக்குப் போட ஓடவேண்டாம். 1986-ல் வந்த சட்டப்படி இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது, ஃப்ளூ ஊசி ஒவ்வொன்றிலும் 75 சென்ட் வரி அதற்குப் போகிறது. வழக்கு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைகோரல் நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பு அரசின் சுகாதாரத் துறைச் செயலர். ஊசியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் பாதிப்புகளின் அரசுப் பட்டியலில் 2017 முதல் சிர்வாவும் இருக்கிறது: வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஊசி போட்ட தோளோடு நின்று, அசைவும் குறைந்து, முன்பு அங்கே கோளாறோ இப்போது வேறு காரணமோ இல்லையென்றால், ஊசியால் வந்தது என்று தனியாக நிரூபிக்கவேண்டாம். பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவேண்டும் (ஆஸ்பத்திரியில் சேர்ந்து அறுவை செய்தவர்களுக்கு இந்தக் கணக்கில்லை). கெடு 3 வருடம், அது டாக்டர் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, முதல் வலியிலிருந்து. வலிக்கான தொகை அதிகபட்சம் 2,50,000 டாலர், சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் தனி.

வக்கீல் கட்டணம்? நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கென்றால் தோற்றாலும் அந்த நிதியே தரும், உங்களிடம் பங்கு கேட்கிற வக்கீலை விட்டு விலகிவிடுங்கள்.

கோவிட் ஊசிக்கு வேறு திட்டம், ஊசி போட்டு ஒரே வருடத்தில் மனுப் போடவேண்டும், வலிக்கென்று காசும் கிடையாது.

சரி, அந்த அக்கா கதை. டிசம்பரில் ஏன் சொல்லவில்லை என்று அரசு வக்கீல் கேட்டபோது கையில் ஒன்றுமில்லை என்றே நினைத்தோம். அப்புறம் அவர் போனைத் துழாவியதில், ஊசி போட்ட மறுநாள் மதுரையில் இருக்கும் தங்கைக்கு அனுப்பியது கிடைத்தது: "ஊசி போட்ட கையைத் தூக்கவே முடியலடி."