மலையேறினால் ஜெனரேட்டருக்கும் மூச்சு வாங்கும்

சேலம் கோரிமேட்டில் மைத்துனர் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது, நான் வாங்கிய 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் அவர்கள் வீட்டு 1 எச்.பி. தண்ணீர் மோட்டாரைக் கொஞ்சம் முக்கினாலும் எடுத்துவிட்டது. அதையே வண்டியில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிட்ஜும் ஃபேனும் ஓடும்போது இங்கே உள்ள 1 எச்.பி. மோட்டாரைப் போட்டால், ஒரு உறுமல், விளக்கெல்லாம் மங்கல், அப்புறம் பிரேக்கர் விழுந்துவிட்டது. விற்ற கடைக்காரர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஆனால் மெஷினில் குறை இல்லை, நான் போட்ட கணக்குதான் தப்பு.

என் கணக்கு இதுதான்: எல்இடி பல்பு ஆறு, ஒன்றுக்கு 9 வாட்; ஃபேன் மூன்று, ஒன்றுக்கு 75; டிவி 80, பிரிட்ஜ் 150, மோட்டார் 1,100. கூட்டினால் 1,600 சொச்சம். கேவிஏ-வை அப்படியே கிலோவாட்டாக எடுக்கக் கூடாது, பவர் ஃபேக்டர், அதாவது அதில் உண்மையாக வேலைக்கு ஆகும் பங்கு, 0.8 என்று பெருக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்துதான் வைத்திருந்தேன். 3 கேவிஏ என்றால் 2,400 வாட். 800 வாட் மிச்சம், போதாதா?

போதாது. அந்த 1,100 என்பது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது. கிளம்பும்போது எடுப்பது வேறு. தேரை நிலையிலிருந்து நகர்த்தத்தான் ஊரே வடம் பிடிக்க வேண்டும், உருள ஆரம்பித்துவிட்டால் அத்தனை பேர் தேவையில்லை, மோட்டாரும் அப்படித்தான். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தனக்குள்ளேயே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் கரண்டைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு கிடையாது, அதனால் முதல் ஓரிரு நொடிக்கு வழக்கமான கரண்டைப் போல நாலு முதல் ஆறு மடங்கு வரை இழுக்கும். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6 ஆம்ப் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலே கிளம்பக் குறைந்தது 24 ஆம்ப் வேண்டும். 3 கேவிஏ ஜெனரேட்டர் தொடர்ந்து தரக்கூடியது 13 ஆம்ப்தான். ஒரு சில நொடி அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் வோல்டேஜ் சரியும். சரிந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் மோட்டாரின் திருகு விசை வோல்டேஜின் இருமடிப்படி குறைகிறது; 20 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் விசை 64 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் வேகம் பிடிக்க முடியாமல் உறுமிக்கொண்டே நிற்க, அந்தப் பெரிய கரண்டும் குறையாமல் நிற்கிறது.

சரி, கோரிமேட்டில் எப்படி எடுத்தது? அங்கே மோட்டார் தனியாக ஓடியது, அது ஒன்று. இன்னொன்று காற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று லேசாகிறது, ஒவ்வொரு இழுப்பிலும் எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது, எரிக்க முடிகிற பெட்ரோலும் அதோடு குறைகிறது. 300 மீட்டருக்குச் சுமார் 3.5 சதவீதம் சக்தி போகும் என்பது எஞ்சின்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் என் 2,400 வாட் இங்கே 2,000-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் சமவெளிக்கென்று அமைத்ததாக இருந்தால் காற்றைவிடப் பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகை வேறு தள்ளும், ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். அதில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை மலைக்கேற்றபடி மாற்றினால் அந்தத் தொல்லை தீரும், இழந்த சக்தி முழுசாகத் திரும்பாது.

இப்போது நான் செய்வது: ஜெனரேட்டர் சீராக ஓட ஆரம்பித்ததும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போடுகிறேன். தொட்டி நிறைந்து மோட்டாரை நிறுத்தியபிறகுதான் பிரிட்ஜ், அதற்குப் பின்னால் விளக்கும் ஃபேனும். பிரிட்ஜ் கம்ப்ரசர் நம்மைக் கேட்டுக்கொண்டு கிளம்புவதில்லை, எப்போது வேண்டுமானாலும் திடீரென்று இழுக்கும், அதனால் கையில் எப்போதும் கொஞ்சம் இருப்பு வேண்டும். ஏற்காட்டுக் குளிருக்கு வெந்நீர் ஹீட்டர் ஆசை வரும். அது கிளம்பும்போது தனியாக எதையும் கேட்காது, ஆனால் 2,000 வாட் என்றால் ஜெனரேட்டர் மொத்தமும் அதற்கே சரியாகிவிடும். அதற்கு கேஸ் அடுப்புதான்.

பிரேக்கர் விழுந்தால்கூட நல்லது. விழாமல் லோடு தாங்கமுடியாமல் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் கெடுதல். இந்த வகைச் சின்ன ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். 2,700-க்கு இறங்கினால் 45. கூடவே வோல்டேஜும் சரிய, பிரிட்ஜ் கம்ப்ரசர் சூடேறிக்கொண்டே இருக்கும், சத்தம் எதுவும் காட்டாது. புதிதாக வாங்குகிறவர்கள் வீட்டில் உள்ள பெரிய மோட்டார் கிளம்பும்போது எவ்வளவு எடுக்கிறது என்று எலக்ட்ரீஷியனை கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அதற்காக ஒரேயடியாகப் பெரிசாக வாங்கவும் வேண்டாம், நாலு பல்புக்காகப் பெரிய டீசல் ஜெனரேட்டரை ஓட்டினால் எரிபொருள் சரியாக எரியாமல் எஞ்சினுக்குள் கரி சேரும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவரில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள், லைன் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். மெயினை அணைக்க மறந்தால் நம் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் பின்வழியாகப் புகுந்து, மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை அகற்றிவிட்டு, லைன் செத்திருக்கிறது என்று நம்பி, அந்தப் பனிமூட்டத்தில் ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார்.