குளிர்கடலில் முக்குளிப்பவரின் மூச்சு

நார்வேயின் பூடோ நகருக்கு அருகே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, சால்ட்ஸ்ட்ரௌமன் என்ற நீரிணை இருக்கிறது. சுமார் 150 மீட்டர் அகலமே உள்ள அந்த இடுக்கின் வழியாக, ஒவ்வோர் ஆறு மணி நேரத்திலும் ஏறத்தாழ 40 கோடி கன மீட்டர் கடல்நீர் பாய்கிறது. ஓதம் திசை மாறும்போது நீர் சற்று அடங்கும்; அந்தச் சிறு இடைவெளியில்தான் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து முக்குளிக்கும் ஸ்கூபா வீரர்கள் அங்கே இறங்குகிறார்கள்.

இறங்குபவரின் முதல் கவலை குளிர். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். வெதுவெதுப்பான கடல்களில் அணியும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உடையில், அந்த ரப்பருக்குள் உள்ள நுண்குமிழ்களே உடல் சூட்டைக் காக்கின்றன. ஆனால் 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரட்டிப்பாகிக் குமிழ்கள் நசுங்குவதால், குளிர் மிகும் ஆழத்தில் உடை மெலிந்துபோகும். ஆகவே இங்கு நீர் புகாத 'டிரை சூட்' அணிகிறார்கள். அதனுள் தடித்த உள்ளாடையும் காற்றும் இருக்கும். கீழே போகப் போக அந்தக் காற்றும் சுருங்கி உடை உடலைக் கவ்வும் என்பதால், மார்பிலுள்ள வால்வை அழுத்திச் சிறிது காற்றை உள்ளே விட வேண்டும். மேலே வரும்போது அதை வெளியேற்றத் தவறினால், விரியும் காற்று அவரைக் கட்டுக்கடங்காமல் மேலே தூக்கிவிடும்.

இதைவிட நுட்பமான ஆபத்து, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரில் இருக்கிறது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்) அடைபட்ட காற்று, முதல் கட்ட வால்வைக் கடக்கும்போது சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 10 பார் அளவே கூடுதலாக இருக்குமாறு குறைக்கப்படுகிறது. திடீரென விரியும் காற்று கடுமையாகக் குளிர்கிறது. நீரே 3 அல்லது 4 பாகை செல்சியஸில் இருந்தால், உலோகத்தின் சூடு உறைநிலைக்குக் கீழே இறங்கி வால்வில் பனிக்கட்டி படியும். அப்போது மூச்சு அடைபடும் என்று நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறானது: வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொள்ள, காற்று நிற்காமல் கொட்டிச் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் தனித்தனி வால்வுகளில் இரண்டு ரெகுலேட்டர்களைப் பொருத்தி, ஒன்று உறைந்தால் அதை மூடிவிட்டு மற்றொன்றுக்கு மாறுகிறார்கள். உறைபனி நாளில் கரையில் நின்று ரெகுலேட்டரில் மூச்சுவிட்டுப் பார்ப்பதையும் தவிர்க்கிறார்கள். மூச்சிலுள்ள ஈரமே உள்ளே உறைந்துவிடும்.

இத்தனை முன்னேற்பாட்டோடு இறங்குபவருக்குக் கிடைப்பது வெறும் பாழ்நிலம் அல்ல. வெப்பமண்டலத்தில் சூடான மேல்நீர் இலேசாகி மேலேயே மிதப்பதால், அடியிலுள்ள சத்துகள் எளிதில் ஏறி வருவதில்லை. அந்தக் கடல்களின் கண்ணாடித் தெளிவுக்கு உணவுப் பற்றாக்குறையும் ஒரு காரணம். வடக்கிலோ குளிர்காலத்தில் மேல்நீர் கனத்துக் கீழிறங்க, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மேலே வருகின்றன. வசந்தத்தில் வெயில் திரும்பியதும் மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்திகளுக்கும் மென்பவளங்களுக்கும் சால்ட்ஸ்ட்ரௌமனின் நீரோட்டமே உணவைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. முக்குளிப்பவரை விரட்டும் அதே வேகம் அவற்றுக்கு வாழ்வாதாரம்.

பாறை இடுக்கில் விளக்கைக் காட்டினால், சுருக்கம் விழுந்த சாம்பல்நீல முகமொன்று அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் ஓநாய் மீன். அதன் இரத்தத்திலுள்ள ஒரு வகைப் புரதம் நுண்ணிய பனிப்படிகங்களில் ஒட்டி, அவை வளராமல் தடுக்கிறது. கூம்பிய முன்பற்களால் கடல் முள்ளெலிகளையும் நண்டுகளையும் பற்றி, தட்டையான பின்பற்களால் ஓட்டோடு நொறுக்கித் தின்கிறது. அதனால் பற்கள் தேய்கின்றன. ஆண்டுக்கொரு முறை அவை உதிர்ந்து புதியவை முளைத்து உறுதிப்படும் வரை, அந்த மீன் இரை தேடாமல் கிடக்கிறது.