ஜிமிக்கிக்குள் ஆரத்தி

இங்கே மொரிஷியஸில் ஜூலைதான் குளிர்காலம். போன குளிர்காலத்தில் எங்கள் வாசல் தொட்டியில் முதல் பூ மலர்ந்தது. பூஜைக்குப் பறிக்கப் போன அம்மா கையை உதறிக்கொண்டே திரும்பினார். "என்னடா இது, பூவுக்குள்ள யாரோ ஆரத்தி கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு?" விரல் நுனியில் செம்மஞ்சள் பிசுபிசுப்பு. தொட்டு நக்கிப் பார்த்தேன், இனித்தது. தேன்தான்.

மொரிஷியஸ் குடியரசான 1992-இல் தேசியப் பூவான ட்ரோகெஷியா பூட்டோனியானா அது. இங்கே பேச்சில் 'பூக்ல் தோரெய்' என்பார்கள், காதணி என்று அர்த்தம். மணி போலத் தலைகீழாகத் தொங்கும் சிவப்பைப் பார்த்தால் எனக்கு ஜிமிக்கிதான் நினைவுக்கு வரும். தோட்டங்களில் வளர்க்கிறார்கள். ஆனால் இயற்கையில் இதற்கு ஒரே ஒரு மலைதான் வீடு: தீவின் தென்மேற்கு மூலையில் கடலோரம் நிமிர்ந்து நிற்கும் 556 மீட்டர் உயர லெ மோர்ன் பிராபான். தென்கிழக்கிலிருந்து வரும் காற்று மழையையெல்லாம் நடுமேட்டிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வந்து சேரும். அதனால் வறண்ட எரிமலைப் பாறை, வெடிப்புகளில் கொஞ்சம் மண், அவ்வளவுதான். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்பதால் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை இது. பூவுக்காகச் சேர்க்கவில்லை.

சரி, தேனுக்கு எதற்கு நிறம்? பெரும்பாலான பூக்களில் தேன் தண்ணீர் மாதிரி நிறமற்றுத்தான் இருக்கும். மொரிஷியஸில் இந்த ஜிமிக்கிப் பூச்செடி உட்பட மூன்று செடிகள் சிவப்புத் தேன் சுரக்கின்றன என்று 1998-இல் ஆய்வாளர்கள் எழுதியபோது, காரணம் புதிராகவே இருந்தது. பதில் 2006-இல் வந்தது: பல்லி. நம் வீட்டுச் சுவரில் இரவில் பூச்சி பிடிக்கும் பல்லி இல்லை, பகலில் உலாவும் ஃபெல்சுமா என்ற பச்சைப் பல்லி. நிறம் பிரித்துப் பார்ப்பதில் கெட்டிக்காரப் பிராணி, இனிப்பென்றால் உயிர். செயற்கைப் பூக்களில் நிறமற்ற தேனையும் நிறமுள்ள தேனையும் வைத்துப் பார்த்தபோது, பல்லிகள் நிறமுள்ளதையே அதிகம் நாடின. அதாவது அந்தச் சிவப்புத் துளி ஒரு விளம்பரப் பலகை: 'உள்ளே சரக்கு இருக்கிறது, வரலாம்.' தேன் நக்க வரும் பல்லியின் தலையிலும் தொண்டையிலும் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், அடுத்த பூவில் அது இறங்கும். பல்லி நம் தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோமே, இங்கே பல்லியின் தலையில் மகரந்தம் விழுந்தால்தான் செடிக்குப் பலன்.

சிவப்பு எப்படி உருவாகிறது என்பது இன்னும் சுவையான கதை. இதைத் துல்லியமாகப் பிரித்துப் பார்த்தது அந்த மூன்றில் இன்னொரு செடியில்: செங்குத்துப் பாறைகளில் தொற்றி வளரும், வெளிர் நீலப் பூ பூக்கும் நெசோகோடன். அதன் ரத்தச் சிவப்புத் தேனை 2022-இல் அலசினார்கள். அம்மா வாயில் ஆரத்தி என்று வந்ததே, அது அவ்வளவு தூரத்து ஒப்புமை இல்லை. மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் குப்பென்று சிவக்கிறது, சுண்ணாம்பின் காரத்தன்மைதான் காரணம். நெசோகோடன் தேனிலும் காரத்தன்மை உண்டு, ஆனால் சுண்ணாம்பு இல்லை. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அந்த வேலையைச் செய்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 9-ஐ ஒட்டிக் கொண்டுபோய் விடுகிறது. இன்னொரு நொதி சினாபில் ஆல்கஹாலை சினாபால்டிஹைடாக மாற்றுகிறது. அந்தக் காரச் சூழலில் அது புரோலின் என்ற அமினோ அமிலத்தோடு கைகோத்து, நெசோகோடின் என்ற சிவப்பு நிறமியாகிறது. மஞ்சள் நீர் நிறம் மட்டும்தான் மாறும். இங்கேயோ புதுப்பொருளே பிறக்கிறது. மலர்ந்த புதிதில் மஞ்சளாக இருக்கும் தேன் போகப் போகச் சிவப்பது இதனால்தான். இதில் ஒரு வேடிக்கை: பெரு நாட்டில் கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி ஒன்று இதே நிறமியைத் தனியாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாதி உலகம்.

பூவைக் காப்பாற்றப் பூவை மட்டும் வளர்த்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். ஜிமிக்கிப் பூவின் நெருங்கிய உறவான ட்ரோகெஷியா பிளாக்பர்னியானாவில் செய்த ஓர் ஆய்வு அதைக் கலைத்துவிட்டது. அடர்ந்த தாழம்புதர்களுக்குப் பக்கத்தில் நின்ற செடிகளுக்குப் பல்லிகள் அதிகம் வந்தன, காயும் அதிகம் பிடித்தது. தாழை மடலின் இடுக்குதான் பல்லிக்கு வீடு. பருந்துக்குச் சின்னத் தம்பியான மொரிஷியஸ் வல்லூறு பாய்ந்தால் ஒளிய இடமும் அதுவே. தாழையை வெட்டினால் பல்லி போகும், பல்லி போனால் காய் போகும். வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கால் எறும்பு வேறு. இங்குள்ள ரூசியா என்ற செடியின் பூக்களை அது கூட்டமாக மொய்த்துக்கொண்டு பல்லியை அண்டவிடுவதில்லை.

அம்மா இப்போது அந்தப் பூவைப் பறிப்பதில்லை. தொட்டியை வேலியோரத் தாழைப் பக்கம் நகர்த்தி வைத்தோம். மறுவாரமே ஒரு பச்சைப் பல்லி ஜிமிக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொங்கியது. காய் இன்னும் பிடிக்கவில்லை.