அண்ணம் தைத்த பிறகு

அண்ணப் பிளவை, அதாவது வாயின் மேற்கூரையில் பிறவியிலேயே உள்ள பிளவை, தைத்து முடித்து அறுவை அரங்கிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் பல தாய்மார்கள் பயந்துபோகிறார்கள். உதட்டுப் பிளவைத் தைத்தபோது முகத்தைப் பார்த்தவுடனே மாற்றம் தெரிந்தது. அண்ணப் பிளவில் வெளியே எதுவும் தெரிவதில்லை. வாயோரம் ரத்தம் கலந்த எச்சில், மூக்கிலிருந்து குறட்டைச் சத்தம், ஓயாத அழுகை. "நல்லா சிரிச்சிட்டு இருந்த பிள்ளையை இப்படிப் பண்ணிட்டோமே" என்று கலங்குவார்கள். நான் பேச்சுப் பயிற்சியாளர். ஆனாலும் அந்த நேரத்தில் பேச்சைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்தப் பயத்தைத்தான் முதலில் தணிக்கவேண்டியிருக்கிறது.

எச்சில் இளஞ்சிவப்பாக வருவது முதல் ஓரிரு நாட்களுக்கு இயல்பு. குறட்டைக்கும் காரணம் உண்டு. இதுவரை வாயும் மூக்கும் ஒரே அறையாக இருந்தன. இப்போது நடுவில் சுவர் எழும்பியிருக்கிறது, அந்தச் சுவரும் வீங்கியிருக்கிறது. குழந்தை புதிதாக மூச்சுவிடப் பழகுகிறது. முதல் இரவு ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிப்பது அதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்தபின் பெரிய போராட்டம் பால் குடிப்பதில். வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்புகிற குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு வலிக்கிறது. அழுத பிறகு வலி மருந்தைத் தேடாமல், முதல் சில நாட்கள் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மருந்து கொடுத்து அரைமணி நேரம் கழித்துப் பாலை நீட்டினால் அதே குழந்தை குடிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். எத்தனை மில்லி என்று மனம் உடைந்துபோவதைவிட டயப்பர் நனைகிறதா என்று பாருங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இரண்டு மூன்று வாரங்களுக்குக் கூழாக மசித்த உணவுதான். எப்போது மாற்றலாம் என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்வார். கரண்டியை வாய்க்குள் நுழைக்காமல் கீழுதட்டில் வைத்துச் சாய்த்தால் போதும், குழந்தை இழுத்துக்கொள்ளும். உறிஞ்சுகுழல், சூப்பான், நீளமான பொம்மை எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாய் தண்ணீர். விரல் வாய்க்குள் போகாதபடி சில மருத்துவர்கள் முழங்கையில் கட்டுப் போடச் சொல்வார்கள். பார்க்கப் பாவமாக இருந்தாலும் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

தையலைப் பார்க்க ஆசைப்பட்டு டார்ச் அடித்துவிட்டு, "சீழ் பிடிச்சிருக்கு" என்று ஓடிவருபவர்கள் உண்டு. ஆறும் புண்ணின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் படிவதும், வாய் சிலநாள் நாறுவதும் வழக்கமானவை. தையல் தானாகக் கரைந்துவிடும். ஆனால் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தாலோ, குழந்தை எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, மூச்சுக்கு விலா உள்வாங்கினாலோ, காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினாலோ தாமதிக்காதீர்கள். பால் மூக்கு வழியாக வருவது சில நாட்களில் குறையவேண்டும். வாரக்கணக்கில் நீடித்தால் எங்காவது சிறு துளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

காதையும் மறந்துவிடாதீர்கள். அண்ணத்தின் தசைகள்தான் காதுக்குள் காற்றுப் போகும் குழாயைத் திறக்கின்றன. பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம். கேட்காத ஒலியைக் குழந்தை சொல்லாது. கேள்திறன் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுவது பேச்சுக்காகத்தான். நம் வல்லினமும் மெல்லினமும் இதை அழகாக விளக்கிவிடும். மெல்லினத்துக்கு மூக்கு வழியாகக் காற்றுப் போகவேண்டும். பிளவு இருந்தாலும் 'ம' வந்துவிடும். வல்லினத்துக்கு வாய்க்குள் காற்றை அடைத்துத் திறக்கவேண்டும். மேலே மூடி இல்லாத வாயில் அது நிற்காது. அதனால் "அம்மா" தெளிவாக வரும், "அப்பா"வும் "அம்மா" போலவே ஒலிக்கும். மனம் நொந்த அப்பாக்களுக்கு நான் இதைத்தான் வரைந்து காட்டுவேன்.

புண் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு முகத்துக்கு நேராக உட்கார்ந்து "பா, பா" என்று விளையாடுங்கள். பழைய பழக்கத்தில் குழந்தை தொண்டையை இறுக்கி ஒலி எழுப்பினால் கைதட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். உங்கள் உதட்டைக் காட்டி "பா" என்று திருப்பிச் சொல்லுங்கள்.