உங்கள் கிளாஸுக்கு மட்டும் ஒரு கவசம்: பின்னால் ஓடும் கணக்கு

ஆக்‌ஷன் ஆர்பிஜி (அரக்கர்களை வீழ்த்திப் பொருள் சேர்த்து உங்கள் பாத்திரத்தை வளர்க்கும் வகை) கேம் ஒன்றுக்குப் புது அப்டேட் வந்தால், ஆடுபவர்கள் முதலில் தேடிப் படிப்பது புதுப் பொருட்களின் பட்டியலைத்தான். அதில் சில பொருட்களுக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும்: இதை இன்ன கிளாஸ் (ஆடத் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகை) மட்டுமே அணியலாம். சூனியக்காரிக்கு மந்திர உருண்டை, பிணங்களை எழுப்பும் மந்திரவாதியான நெக்ரோமேன்சருக்குச் சுருங்கிய மண்டை ஓடு என்று கதைக்குப் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வரி அங்கே இருப்பதற்குக் கதையைவிடக் கணக்குதான் பெரிய காரணம். ஒரு பொருள் கையில் சேர எவ்வளவு நேரம் ஆகும், சேர்ந்த பொருட்கள் ஒன்றோடொன்று கூடி டேமேஜை (ஒரு அடி செய்யும் சேதத்தை) எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்ற இரண்டு எண்களும் கேமை உருவாக்குபவர்களின் பிடியிலிருந்து சுலபமாக நழுவிவிடும்.

முதலில், பொருள் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். அரக்கன் செத்த நொடியில் கேம் பல குலுக்கல்களை அடுத்தடுத்து நடத்துகிறது. 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் இந்த வரிசை தெளிவாகத் தெரியும். எதாவது விழுமா, விழுந்தால் என்ன வகைப் பொருள் என்று முதலில் முடிவாகும். அப்புறம் தரம்: அது யூனிக்கா (தனிப் பெயருள்ள அரிய பொருள்) என்று சோதனை, இல்லையென்றால் செட்டா (சேர்த்து அணிந்தால் கூடுதல் பலன் தரும் தொகுப்பில் ஒன்று), அதுவும் இல்லையென்றால் ரேரா, மேஜிக்கா. கடைசியாக, ரேர் அல்லது மேஜிக் பொருள் என்றால் அதன் பண்புகள் ஒரு தொகுப்பிலிருந்து பொறுக்கப்படும். தொகுப்பில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு எடை உண்டு, எடை கூடினால் வாய்ப்பும் கூடும். இதில் ஒரு வேடிக்கை: யூனிக் சோதனையில் ஜெயித்தும், அந்த அரக்கனின் லெவலுக்கு ஏற்ற யூனிக் அந்த வகையில் இல்லாவிட்டால், பொருள் ரேராக இறங்கிவிடும். ஆறுதலுக்கு அதன் உழைப்புத் திறன் (உடையாமல் தாங்கும் அளவு) மூன்று மடங்காகக் கிடைக்கும்.

2001-இல் வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் விரிவாக்கம் கிளாஸ்களை 7 ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருட்களைக் கொடுத்தது. அசாசினுக்கு நக ஆயுதங்கள், பாலடினுக்குக் கேடயங்கள், ட்ரூயிடுக்கு மிருகத் தோல் தலையணிகள், இப்படி. அழகான யோசனைதான். ஆனால் குலுக்கலுக்கு நீங்கள் எந்தக் கிளாஸ் என்று தெரியாது. பார்பேரியனாக ஆடும்போது சூனியக்காரியின் உருண்டை விழும்.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் செட்டில் 6 பொருட்கள், ஆறும் சம வாய்ப்புள்ளவை, விழுவதெல்லாம் அந்த ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் பொருள் உடனே கிடைக்கும். இரண்டாவதற்குச் சராசரியாக 1.2 டிராப் (விழும் பொருள்), பிறகு 1.5, 2, 3. கடைசி ஒன்றுக்கு மட்டும் 6. மொத்தம் 14.7. ஐந்து பொருட்களை விறுவிறுவென்று சேர்த்துவிட்டு ஆறாவதுக்காக அலைவது உங்கள் ராசியல்ல, கணக்கே அப்படித்தான். இப்போது 7 கிளாஸ்களின் செட்களையும் ஒரே குடுவையில் போட்டுக் குலுக்கினால், அந்த 14.7 ஏழு மடங்காகி ஏறக்குறைய 103 டிராப் ஆகிறது. 2014-இல் டயாப்லோ 3 கொண்டுவந்த ஸ்மார்ட் லூட் இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஆடுபவரின் கிளாஸை முதலில் பார்த்து, அதற்குப் பொருந்தும் பொருட்களின் பக்கம் குலுக்கலைச் சாய்த்தது. அதே ஆண்டு மார்ச்சில், பொருட்களை வாங்கி விற்ற ஏல மையமும் மூடப்பட்டது. தேவையானது தானே விழும் என்றால் சந்தைக்கு வேலை குறைவு.

சாய்த்தாலும் குலுக்கல் குலுக்கல்தான். நூற்றில் ஒரு வாய்ப்புள்ள பொருளுக்காக நூறு முறை பாஸை (பெரிய அரக்கனை) வீழ்த்தினாலும், சுமார் 37% பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். இந்தக் கடுப்பைக் குறைக்கச் சில கேம்கள் தோல்விக்குத் தோல்வி வாய்ப்பை ஏற்றுகின்றன. வார்கிராஃப்ட் 3 ஆர்பிஜி வகை கேம் இல்லை, ஆனால் அதன் கிரிட்டிகல் அடி (எப்போதாவது விழும் கூடுதல் பலமான அடி) நல்ல உதாரணம். 25% என்று எழுதியிருக்கும், உண்மையில் முதல் அடிக்கு வாய்ப்பு 8.5% அளவில்தான் தொடங்கும். கிடைக்காத ஒவ்வொரு முறையும் அதே அளவு ஏறிக்கொண்டே போய், கிடைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். நீண்ட காலச் சராசரி மட்டும் 25%-லேயே நிற்கும்.

சரி, பொருள் கைக்கு வந்துவிட்டது. அது எவ்வளவு நல்லது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கண் பெரிய எண்ணைத்தான் பிடிக்கும். அடிப்படை டேமேஜ் 100, ஏற்கெனவே உங்களிடம் 300% கூட்டல் போனஸ் இருக்கிறது, ஆக அடி 400. இப்போது இரண்டு கையுறைகள் விழுகின்றன. ஒன்றில் 100% கூட்டல், மற்றதில் 50% பெருக்கல். முதலாவது அடியை 500 ஆக்கும், இரண்டாவது 600 ஆக்கும். கூட்டல் போனஸ்கள் எல்லாம் முதலில் ஒரே மூட்டையில் சேர்ந்துவிடுகின்றன. மூட்டை பெரிதாகப் பெரிதாகப் புதிதாகச் சேர்வதற்கு மதிப்பு குறையும். பெருக்கல் தனியாக நின்று மொத்தத்தையும் தூக்கும். டயாப்லோ 4 இதைக் கூட்டல் குறி, பெருக்கல் குறி என்று பொருளின் மேலேயே காட்டுகிறது. எல்லாக் கேமும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

கிளாஸ் செட்களின் முழு போனஸ் பெரும்பாலும் இந்தப் பெருக்கல் வகைதான். டயாப்லோ 3-இல் அது ஆயிரங்களில் ஏறி, பத்தாயிரம் சதவீதத்தைத் தாண்டிய செட்களும் வந்தன. கிளாஸ் பூட்டு இல்லாவிட்டால் இது நடக்கவே முடியாது. கிளாஸுக்கு 20 ஸ்கில் (மந்திரம், தாக்குதல் போன்ற திறமை) என்றால் 7 கிளாஸ்களில் 140. எல்லோரும் அணியக்கூடிய 100 பொருட்களோடு சேர்த்தால் சோதித்துப் பார்க்க வேண்டிய ஜோடிகள் 14,000. அதே 100 பொருட்களைக் கிளாஸ் வாரியாகப் பிரித்துப் பூட்டினால் 2,000. அந்தச் சின்ன வேலிக்குள் எண்களைத் தைரியமாக ஏற்றலாம். ஆனால் அப்படி ஏற்றியதன் விளைவை ஆடுபவர்கள் அனுபவித்தார்கள்: செட் அணியாத எந்த பில்டும் (ஸ்கில், பொருள் சேர்க்கையும்) போட்டியிலேயே இல்லாமல் போனது.

எண் ஒன்றாகவே இருந்தாலும் கிளாஸைப் பொறுத்து மதிப்பு மாறும் இடங்களும் உண்டு. டயாப்லோ 2 நொடிக்கு 25 ஃபிரேமில் (படங்களில்) ஓடுகிறது. ஒரு மந்திரத்தை வீசும் அசைவு முழு ஃபிரேம்களில்தான் சுருங்கும், அரை ஃபிரேம் கிடையாது. அதனால் வீசும் வேகம் படிப்படியாகத்தான் கூடுகிறது. சூனியக்காரிக்கு, மின்னல் வகை இரண்டு ஸ்கில்கள் தவிர, 63% கூடுதல் வேகத்தில் 9 ஃபிரேம். 104% வரை அதே 9தான், 105%-ஐத் தொட்டால் 8. நெக்ரோமேன்சரின் படிகள் வேறு: 75%-இல் 10 ஃபிரேம், அடுத்தது 125%-இல்தான் 9. ஆக 95%-இல் நிற்கும் இருவருக்கும் 10% வேகம் தரும் ஒரே மோதிரத்தைக் கொடுத்தால், ஒருத்திக்கு நொடிக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் மந்திரம், மற்றவருக்கு எதுவுமே இல்லை.

அப்புறம் சங்கிலி விளைவுகள். ‘அடித்தால் வெடிக்கும்’ என்று ஒரு பொருளில் எழுதியிருக்கிறது. அந்த வெடிப்பும் ஒரு அடிதானே? அப்படியானால் அதுவும் வெடிக்கவேண்டும், அது இன்னொன்றை வெடிக்க வைக்கவேண்டும், சர்வர் படுத்துவிடும். அதனால் பொருள் தூண்டிய விளைவு இன்னொன்றைத் தூண்டக் கூடாது என்று பல கேம்கள் விதி வைக்கின்றன. இன்னொரு வழி, ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஒரு தூண்டு எண் கொடுப்பது. நொடிக்குப் பத்து முறை அடிக்கும் ஸ்கில்லுக்கு 0.1 என்றால், தூண்டுவதில் அது நொடிக்கு ஒரு அடி அடிக்கும் ஸ்கில்லுக்குச் சமம். டயாப்லோ 3 இந்த எண்ணை ஸ்கில் வாரியாக வைத்திருந்தது, ஆனால் விளக்கத்தில் காட்டவில்லை. ஆடுபவர்களே சோதித்துப் பட்டியல் போட்டார்கள்.

2013-இல் வந்த பாத் ஆஃப் எக்ஸைல் கிளாஸ் பூட்டுக்கு நேர் எதிர்த் திசையில் போனது. வலிமை, சுறுசுறுப்பு, அறிவு என்ற மூன்று அளவுகள் போதுமானால் யாரும் எந்தக் கவசத்தையும் மாட்டலாம், ஸ்கில்லும் கல்லாகவே கிடைக்கும், யாரும் பதிக்கலாம். பூட்டைக் கழற்றியதால் எதிர்பாராத சேர்க்கைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அதற்கு ஈடாக, மிஞ்சிப் போன பொருட்களின் எண்களை அடுத்தடுத்த அப்டேட்களில் வெட்டும் வேலையும் அதை உருவாக்குபவர்களுக்கு ஓயவில்லை.